வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பிளாஸ்டிக் பொருள் வடிவமைப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகரத்திலோ மரத்திலோ செய்துவந்த பொருளைப் பிளாஸ்டிக்குக்கு மாற்ற நினைப்பவர்கள், முதல் தடவை அச்சு அடிக்கக் கொடுப்பவர்கள், வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டது கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் பேச்சு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பற்றியது: பிளாஸ்டிக் குருணையை உருக்கி, மூடிய எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறியதும் அச்சைப் பிரித்து எடுக்கும் முறை. பட்டறையில் ‘டை’ என்பதும் ‘மோல்டு’ என்பதும் இங்கே ‘அச்சு’.

பிளாஸ்டிக்குன்னா எந்த வடிவத்துல வேணும்னாலும் செஞ்சிடலாம்தானே?

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல் அது, ‘கேட்’ என்பார்கள். அது நடுவில் இருந்தால்தான் குழம்பு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விளிம்பைப் போய்த் தொடும். வாளியின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருப்பது அழகுக்காக இல்லை. நேர்ச்சுவராக இருந்தால் அச்சின் உள்பாகமான கோரைப் பிடித்துக்கொண்டு வாளி கழன்று வராது. விளிம்பு வெளிப்புறம் மடிந்திருப்பது, மெல்லிய சுவர் தண்ணீரின் பாரத்தில் முட்டை வடிவத்துக்குப் பிதுங்காமல் இருக்க. கைப்பிடி மாட்டும் காதுக்குக் கீழே குறுக்குப் பட்டைகள் தெரியும். அவை ‘ரிப்’, சுவருக்கு விறைப்பு கொடுப்பவை.

எந்த வடிவமும் வரும் என்பது பாதி உண்மை. உருகி ஓடி, ஆறிச் சுருங்கி, அச்சிலிருந்து கழன்று வரக்கூடிய எந்த வடிவமும் வரும். இந்த மூன்றில் ஒன்றை மறந்து வரைந்த படத்தை நல்ல அச்சுக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். ஒன்றும் சொல்லாமல் அப்படியே அடித்துக் கொடுப்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

பிபி, ஏபிஎஸ், பிசி, நைலான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை எதுக்குப் போடுறது?

முதல் பிரிவு: ஒரு தடவை இறுகிவிட்டால் மறுபடி உருகாதவை தெர்மோசெட் (பேக்லைட், மெலமைன் தட்டு). சூடாக்கினால் மறுபடி உருகுபவை தெர்மோபிளாஸ்டிக். இன்று கடையில் பார்ப்பதில் பெரும்பகுதி இரண்டாவது வகை. அதற்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. வடிவமைப்பவருக்கு அதுதான் முக்கியம். பாலிப்ரொப்பிலீன் என்கிற பிபி, அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனான எச்டிபிஇ, நைலான் ஆகியவை ஆறும்போது மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படிகமாகின்றன. அதனால் அதிகம் சுருங்கும். எண்ணெய், சோப்பு அவ்வளவாகத் தாக்காது. கண்ணாடிபோலத் தெளிவாக வருவது கடினம். ஏபிஎஸ், பாலிகார்பனேட் என்கிற பிசி, பாலிஸ்டைரீன் ஆகியவை படிகமாகாதவை. சுருக்கம் குறைவு, அளவு துல்லியமாக நிற்கும், பளபளப்பு நன்றாக வரும். ஆனால் தின்னரும் சில எண்ணெய்களும் பட்டால் விரிசல் விடும்.

தண்ணீர் வாளி, டிபன் டப்பா, மூடி என்றால் பிபி. மிக்ஸி உடல், டிவி ரிமோட் என்றால் ஏபிஎஸ். அடி தாங்கவும் தெளிவாகவும் வேண்டுமென்றால் பிசி. தேயும் இடத்துக்கு, உதாரணமாகப் பற்சக்கரத்துக்கும் மிக்ஸி கப்ளருக்கும், நைலான். கையில் இருக்கும் துண்டு எதுவென்று தெரியாவிட்டால் முதலில் தண்ணீரில் போடுங்கள். பிபி, எச்டிபிஇ இரண்டும் மிதக்கும். ஏபிஎஸ், பிசி, நைலான் மூழ்கும். சுண்ணாம்புத் தூள் தாராளமாகக் கலந்த பிபியும் மூழ்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். விலை குறைவாகச் சொல்லும் இடத்தில் இந்தச் சோதனை நிறையப் பேசும்.

அந்தக் காலத்து ரேடியோ, டெலிபோன் எல்லாம் கறுப்பா, மூலை உருண்டையா இருக்குமே. அது ஃபேஷனா?

ஃபேஷன் கொஞ்சம், பேக்லைட் நிறைய. லியோ பேக்லாண்ட் 1907-ல் கண்டுபிடித்த இந்தப் பொருள், முழுக்கச் செயற்கையாகச் செய்யப்பட்ட முதல் பிளாஸ்டிக். பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த இந்தப் பிசின் தானாகவே பழுப்பேறும். தனியாக வார்த்தால் நொறுங்கும் என்பதால் மரத்தூள் கலப்பார்கள். வெளிர் நிறம் கிடைக்காது. கறுப்பும் பழுப்பும் குறையை மறைக்கிற நிறங்கள். மின்சாரம் கடத்தாது, சூட்டுக்கு இளகாது என்பதால் ரேடியோவுக்கும் ஸ்விட்சுக்கும் இது சொல்லிவைத்தாற்போலப் பொருந்தியது.

பேக்லைட்டைச் சூடான அச்சில் தூளாக வைத்து அழுத்திச் செய்வார்கள். கூர்மூலை வைத்தால் தூள் அங்கே சரியாக நிரம்பாது. நிரம்பினாலும் முதல் அடியில் அந்த முனைதான் உடையும். அச்சைத் தேய்த்து மெருகேற்றவும் உருண்டை மூலைதான் வசதி. வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்து 1934-ல் இங்கிலாந்தில் வந்த எக்கோ ஏ.டி.65 ரேடியோ முழு வட்டமாகவே இருந்தது. மரப்பெட்டியைப் பார்த்து பேக்லைட்டில் நகல் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மரத்தச்சரால் எளிதில் செய்ய முடியாத வடிவத்தை அது கையில் எடுத்தது.

தகரத்துல 1 மி.மீ.ல விறைப்பா நிக்குற டப்பா, பிளாஸ்டிக்ல ஏன் தொளதொளன்னு ஆகுது? தடிமனைக் கூட்டிடலாமா?

எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல். பிபியினுடையது சுமார் 1.4. நூற்றி நாற்பது மடங்கு வித்தியாசம். தட்டைப் பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், 1 மி.மீ. தகரத்துக்கு ஈடு கட்ட பிபி 5 மி.மீ.க்கு மேல் வேண்டும். அங்கேதான் சிக்கல். ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தில் கூடும். 2 மி.மீ. சுவரை 3 மி.மீ. ஆக்கினால் இயந்திரம் இரண்டேகால் மடங்கு நேரம் காத்துக்கிடக்கும். பொருளின் விலையில் பெரிய பங்கு அந்தக் காத்திருப்புதான். தடித்த சுவரின் நடுப்பகுதி கடைசியாக ஆறுவதால் உள்ளே வெற்றிடம் விழும், மேலே குழி விழும்.

அதனால் சுவரைத் தடிமனாக்காதீர்கள். வளையுங்கள், அல்லது ரிப் போடுங்கள். சாதாரண வீட்டுப் பொருளுக்குச் சுவர் 1.5 முதல் 3 மி.மீ. போதும். ரிப்பின் அடித்தடிமன் சுவரில் 50, 60 சதவீதம். உயரம் சுவர்த் தடிமனைப் போல் மூன்று மடங்குக்குள். இரண்டு ரிப்புக்கு நடுவில் குறைந்தது இரண்டு மடங்கு இடைவெளி. உயரமான ஒரு ரிப்புக்குப் பதில் குட்டையான இரண்டு போடுவது அச்சுக்கும் நல்லது. பெரிய தட்டைப் பரப்பு வேண்டவே வேண்டாம். மூடியின் மேல்பரப்பைத் தோசைக்கல் கவிழ்த்த மாதிரி லேசாக மேடாக்கினாலே பாதி விறைப்பு சும்மா கிடைத்துவிடும். தட்டையாக விட்டாலும் அது ஆறும்போது எந்தப் பக்கமாவது வளையத்தான் போகிறது. எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவது மேல்.

ரிப் போட்டோம். நேர் எதிர்ப்பக்கம் கோடு மாதிரி குழி விழுதே?

சிங்க் மார்க். ரிப்பும் சுவரும் சந்திக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கனமாக இருக்கிறது. மற்ற இடம் இறுகியபிறகு இது மெதுவாக ஆறிச் சுருங்கும்போது மேல்தோலை உள்ளே இழுக்கிறது. சுருக்கம் அதிகமுள்ள பிபியிலும் நைலானிலும் கூடுதலாகத் தெரியும். முதலில் ரிப்பின் அடித்தடிமனை அளந்து பாருங்கள். பெரும்பாலும் சுவருக்குச் சமமாக வைத்திருப்பார்கள். அது சரியாக இருந்தும் குழி விழுந்தால், அச்சு நிரம்பியபின்னும் தொடர்ந்து கொடுக்கும் ஹோல்டிங் அழுத்தம் போதவில்லை அல்லது கேட் ரொம்பச் சின்னது. கேட் முந்தி உறைந்துவிட்டால் அதற்குப் பின் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது.

பளபளக்கும் கறுப்புப் பரப்பில் தலைமுடி அளவு குழியும் தெரியும். அந்த இடத்தில் சொரசொரப்பு கொடுக்கலாம், அல்லது ரிப்புக்கு நேர் மேலே வேண்டுமென்றே ஒரு வரிப்பள்ளம் வைக்கலாம். சாமான்களில் அலங்காரம் என்று நாம் நினைக்கும் கோடுகளில் பல, குழி மறைக்க வந்தவை.

டிராஃப்ட் டிராஃப்ட்ங்கறாங்களே, எத்தனை டிகிரி குடுக்கணும்?

பொருள் அச்சிலிருந்து கழன்று வருவதற்காகச் சுவருக்குக் கொடுக்கும் சரிவுதான் டிராஃப்ட். வழவழப்பான சுவருக்குப் பக்கத்துக்கு 1 டிகிரி; நெருக்கடியான இடத்தில் அரை டிகிரி வரை இறங்கலாம். சொரசொரப்பு இருந்தால், அதன் ஆழம் ஒவ்வொரு 0.025 மி.மீ.க்கும் சுமார் ஒன்றரை டிகிரி சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கழற்றும்போது கீறல் விழும். 100 மி.மீ. ஆழத்துக்கு 1 டிகிரி என்றால் பக்கத்துக்கு 1.75 மி.மீ.; வாயும் அடியும் 3.5 மி.மீ. வித்தியாசப்படும். உள்ளே நேரான பொருளை, ஒரு பேட்டரியையோ சர்க்யூட் போர்டையோ, பொருத்துவதாக இருந்தால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இதில் ஒரு லாபமும் உண்டு. கழற்றுவதற்காகக் கொடுத்த சரிவால்தான் வாளியும் கூடையும் டம்ளரும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காருகின்றன. லாரியில் காற்றை ஏற்றி அனுப்பும் செலவு மிச்சம். ஆனால் சரிவு குறைவாக இருந்து அடுக்கினால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்; இரண்டு பேர் நின்று இழுத்தாலும் வராது. அதற்காகவே உள்சுவரில் சின்னத் திட்டு வைத்து, அதற்குமேல் இறங்காமல் நிறுத்துவார்கள்.

கல்யாண மண்டபத்துல போடுற பிளாஸ்டிக் நாற்காலி ஒரே துண்டா வருதே. அந்த வடிவத்தை யார் முடிவு பண்ணாங்க?

ஒருவர் இல்லை, முப்பது வருடம் பொருளோடு நடந்த பேரம் அது. 1964-ல் மார்கோ சனூஸோவும் ரிச்சர்ட் ஸாப்பரும் இத்தாலியில் கார்ட்டெல் நிறுவனத்துக்குச் செய்த குழந்தை நாற்காலி பாலிஎத்திலீன். அது மெத்தென்ற பொருள் என்பதால் கால்களை யானைக்கால் மாதிரி பருமனாக, தனியாக வைத்து மாட்டினார்கள். 1972-ல் பிரான்சில் ஆன்ரி மஸோனே கொண்டுவந்த கைவைத்த நாற்காலிதான் இன்றைய ஒரே துண்டு நாற்காலிக்கு நெருங்கிய முன்னோர். பொருள் பிபி பக்கம் போனதும் கால் மெலிந்தது. ஆனால் மெலிந்த கால் குச்சியாக இருந்தால் மடங்கும். அதனால் காலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ட அல்லது ப எழுத்து மாதிரி மடிந்திருக்கும். முதுகில் இருக்கும் ஓட்டைகள் பொருளை மிச்சம் பிடிக்கும், மழைத்தண்ணீரை இறக்கும், அடுக்கிய நாற்காலியை எடுக்கும்போது காற்றை உள்ளே விடும்.

பொருள் வடிவத்தை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்குப் பேன்டன் நாற்காலியைவிட நல்ல சாட்சி கிடைக்காது. டென்மார்க்கின் வெர்னர் பேன்டன் வரைந்த, பின்கால் இல்லாத எஸ் வடிவ நாற்காலி அது. 1967-ல் கண்ணாடி இழை சேர்த்த பாலியெஸ்டரில் வந்தது. கையால் செய்யும் வேலை அதிகம். 1968-ல் பாலியூரிதேன் கெட்டி நுரைக்கு மாறியது; ஒவ்வொன்றையும் தேய்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. 1971-ல் நிறத்தோடு அப்படியே அச்சில் வரும் தெர்மோபிளாஸ்டிக்குக்குப் போனார்கள். அந்தப் பொருள் அவ்வளவு வலுவில்லாததால் இருக்கைக்கும் பாதத்துக்கும் நடுவிலுள்ள வளைவின் அடியில் ரிப் சேர்க்க வேண்டி வந்தது. அப்படியும் வருடங்கள் போனபின் உடைந்ததால் 1979-ல் நிறுத்தினார்கள். 1999-ல் பிபியில் மறுபடி வந்தது. அந்த ரிப்புகள் இல்லை. கோடு மாறவில்லை, நான்கு வெவ்வேறு பொருளில் வந்தது. ஒவ்வொரு முறையும் தடிமனும் விலையும் தொட்டால் படும் உணர்வும் வேறு.

நம்மூரில் இந்த நாற்காலிகள் உடைவது பெரும்பாலும் பின்கால் இருக்கையோடு சேரும் இடத்தில். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் சாய்ந்து உட்கார்ந்தால் கால்கள் வெளியே வழுக்கும். முழு இழுப்பும் அந்த மூலையில் விழும். சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்த சரக்கு, இரண்டு வருட வெயில், அதன்மேல் இந்த இழுப்பு: சத்தமே இல்லாமல் ஒடியும்.

பித்தளைக் குடத்தோட வடிவத்தை அப்படியே காப்பி அடிச்சதுதானே பிளாஸ்டிக் குடம்? இதுல டிசைன் எங்க இருக்கு?

வடிவம் பித்தளையிடமிருந்து வந்ததாகத் தெரிந்தாலும், அதை நிர்ணயித்தது இடுப்பு. பருத்த வயிறு இடுப்பில் உட்கார, ஒடுங்கிய கழுத்தைக் கை வளைத்துப் பிடிக்க, குறுகிய வாயால் நடக்கும்போது தண்ணீர் அலம்பாமல் இருக்க. தூக்குகிறவர் மாறவில்லை என்பதால் பொருள் மாறியும் உருவம் மாறவில்லை. மாறியது செய்முறை. வாளி மாதிரி இன்ஜெக்‌ஷனில் குடம் வராது. கழுத்தைவிட வயிறு பெரிது என்பதால் கோர் வெளியே வராது. எனவே ப்ளோ மோல்டிங்: சூடான பிளாஸ்டிக்கைக் குழாயாகத் தொங்கவிட்டு, இரண்டு அரை அச்சுகள் இருபுறமும் வந்து கவ்வ, உள்ளே காற்று ஊதுவார்கள். குடத்தின் இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஓடும் மெல்லிய கோடு அந்த அச்சுகள் சந்தித்த இடம். அடியில் குறுக்கே இருக்கும் தழும்பு, குழாயைக் கிள்ளி மூடிய இடம். கசிவு ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஊதும்போது எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கே சுவர் மெலியும். வயிறும் அடியின் ஓரமும் மெலிந்து, கழுத்து தடித்து நிற்கும். அடி ஓரத்தைத் தாராளமாக உருட்டிவிட்டால் மெலிவு குறையும். வாளிக்கு வாங்கிய குருணையைக் குடத்துக்குப் போட முடியாது. வாளிக்குத் தண்ணீராக ஓடும் சரக்கு வேண்டும். உருகி ஓடும் அளவான எம்.எஃப்.ஐ. 10-ஐ ஒட்டி இருக்கும். குடத்துக்கு அது 1-க்கும் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் தொங்கும் குழாய் தன் பாரத்திலேயே நீண்டு அறுந்துவிடும்.

பிளாஸ்டிக் கொண்டுவந்த புதுமை எடையும் நிறமும். குருணையோடு 2 சதவீத அளவில் மாஸ்டர்பேட்ச் என்கிற நிறக் குருணையைக் கலந்தால் எந்த நிறமும் வரும். தண்ணீர் லாரி வரிசையில் யார் குடம் எது என்று தூரத்திலிருந்தே தெரியும். போனதும் உண்டு. பித்தளையில் பேர் வெட்டலாம், ஒடுங்கினால் ஒடுக்கு எடுக்கலாம், ஓட்டையானால் எடைக்குப் போட்டுப் பாதிப் பணம் பார்க்கலாம். பிளாஸ்டிக் குடத்துக்கு இந்த மூன்றும் இல்லை.

டப்பாவுக்குக் கீல் தனியா மாட்டணுமா? ஷாம்பு மூடியில ஒட்டியே வருதே?

பிபியில் செய்வதாக இருந்தால் தனிக் கீல் வேண்டாம். மூடிக்கும் உடலுக்கும் நடுவில் 0.25 முதல் 0.4 மி.மீ. மெல்லிய பட்டை விட்டால் அதுவே கீல். உருகிய பிபி அந்த ஒடுக்கத்தைக் கடக்கும்போது மூலக்கூறுகள் ஓட்டத்தின் திசையில் நீண்டு படுக்கின்றன. மடிக்க மடிக்க இன்னும் ஒழுங்காகின்றன. அதனால் ஆயிரக்கணக்கில் மடித்தாலும் அறாது. இதற்கு ஓட்டம் கீலுக்குக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும். கேட்டைத் தவறான இடத்தில் வைத்து, இரண்டு ஓட்டங்கள் கீலின் மேலேயே சந்தித்தால் அந்த வெல்டு லைன் நாலாவது மடிப்பில் கிழியும். அச்சிலிருந்து எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் இரண்டு தடவை மடித்துவிடச் சொல்லுங்கள். பல இடங்களில் விட்டுப்போவது இந்த ஒரு வேலைதான். ஏபிஎஸ்ஸில் இந்தக் கீலை முயற்சி செய்யாதீர்கள்.

ஸ்னாப் பூட்டு ரெண்டு நாள்ல ஒடிஞ்சு போகுது. பொருளை மாத்தணுமா?

முதலில், வளைந்து கொக்கியை மாட்டும் அந்தக் கையின் நீளத்தைப் பாருங்கள். ஒரே தடிமனுள்ள ஸ்னாப் கைக்கு: தடிமன் × விலகல் × 1.5, அதை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது இழுவிசைத் திரிபு, அதாவது வளையும்போது பொருள் எத்தனை சதவீதம் நீள்கிறது என்பது. தடிமன் 1.5 மி.மீ., கொக்கி விலக வேண்டியது 1 மி.மீ., நீளம் 8 மி.மீ. என்றால் 3.5 சதவீதம். ஏபிஎஸ்ஸில் அடிக்கடி திறந்து மூடும் பூட்டுக்கு இது அதிகம். 2 சதவீதத்துக்குள் வைப்பது பத்திரம். நீளத்தை 15 மி.மீ. ஆக்கினால் அதே பூட்டு 1 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நேராக நீட்ட இடமில்லையென்றால் யு வடிவில் மடக்கி நீளத்தைப் பெறலாம்.

அடுத்து, கை உடலோடு சேரும் மூலை. அங்கே கூராக விட்டிருந்தால் எந்தப் பொருளும் ஒடியும். குறைந்தது அரை மி.மீ. உருட்டுங்கள்.

ஸ்க்ரூ இறங்குற தூண் விரிசல் விடுது. டைட் பண்ணது அதிகமா?

இருக்கலாம். ஆனால் துளையையும் அளந்து பாருங்கள்: நேரடியாக இறங்கும் ஸ்க்ரூவுக்குத் துளை அதன் விட்டத்தில் சுமார் 80 சதவீதம், தூணின் வெளிவிட்டம் ஸ்க்ரூவைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. இவை சரியாக இருந்தும், மாட்டிச் சில வாரம் கழித்து விரிசல் வந்தால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். பிசியிலும் ஏபிஎஸ்ஸிலும் இழுப்பில் இருக்கும் இடத்தில் ஸ்க்ரூவில் ஒட்டியிருந்த எண்ணெய் பட்டாலே போதும். தனி எண்ணெய் ஒன்றும் செய்யாது, தனி இழுப்பும் ஒன்றும் செய்யாது. இரண்டும் சேர்ந்தால் பிளக்கும். ஸ்க்ரூவைக் கழுவி உலர்த்தி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோடா பாட்டில் அடியில மட்டும் அஞ்சு கால், தண்ணி பாட்டில்ல இல்ல. ஏன்?

அழுத்தம். குளிர்பானத்தின் வாயு சாதாரண வெப்பத்திலேயே 3, 4 பார் அளவுக்கு உள்ளிருந்து தள்ளும். தட்டை அடி வைத்தால் பிதுங்கி, பாட்டில் உருண்டுவிடும். அழுத்தத்தைத் தாங்கும் வடிவம் அரைக்கோளம். ஆனால் அரைக்கோளம் நிற்காது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் நாதானியேல் வயத் 1973-ல் காப்புரிமை பெற்ற பெட் (PET) பாட்டிலின் ஆரம்ப காலத்தில், உருண்டை அடிக்குக் கீழே எச்டிபிஇ கிண்ணம் ஒன்றைத் தனியாக ஒட்டி நிறுத்தினார்கள். பிறகு அரைக்கோளத்தின் துண்டுகளுக்கு நடுவே ஐந்து கால்களை இழுத்துவிடும் அடி வந்தது. கிண்ணமும் பசையும் போயின, ஒரே பொருள் என்பதால் மறுசுழற்சியும் சுலபமானது. சாதாரணத் தண்ணீர் பாட்டிலில் உள்ளழுத்தம் இல்லாததால் அந்தக் கால் வேண்டாம்; பதிலுக்குப் பிடித்தால் நசுங்காமல் இருக்க உடலைச் சுற்றி வளைய வரிகள். இரண்டிலும் வெந்நீர் ஊற்றாதீர்கள். பெட் 70, 75 டிகிரியிலேயே இளகிச் சுருங்கும்.

வெயில்ல ரெண்டு வருஷம் இருந்தா வெளுத்து, பொடிப்பொடியா உதிருது. என்ன கலக்கணும்?

புற ஊதாக் கதிர் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. பிபி இதில் ரொம்ப பலவீனம். மலிவான, உறுதியான மருந்து கார்பன் கறுப்பு. குடிநீர் எச்டிபிஇ குழாய்க்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4984 அதை 2.5 சதவீதம், அரை சதவீதம் முன்பின், என்று கேட்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கூடவே வெளிச்சம் உள்ளே போகாததால் பாசியும் பிடிக்காது. நிறம் வேண்டுமென்றால் வெளியுபயோகத்துக்கான யூ.வி. மாஸ்டர்பேட்ச் சேர்க்க வேண்டும். அதை ஆர்டரில் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் முதல் நாள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அச்சுக்கே அஞ்சு லட்சம் கேக்குறாங்க. எனக்கு 500 உருப்படிதான் வேணும். என்ன பண்றது?

கணக்கு போடுங்கள். தகரத்தில் 60 ரூபாய் ஆகும் பொருள் பிளாஸ்டிக்கில் 35 என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 25 மிச்சம். ஐந்து லட்ச அச்சு 20,000 உருப்படிக்குப் பிறகுதான் கைக்கு வரும். 500-க்கு இன்ஜெக்‌ஷன் வேண்டாம். இருபது முப்பது மாதிரிக்கு 3டி பிரிண்ட் எடுத்து, அதன்மேல் சிலிக்கான் அச்சு ஊற்றிப் பாலியூரிதேன் வார்க்கலாம். ஒரு சிலிக்கான் அச்சு 20, 25 உருப்படி தாங்கும். தட்டு, உறை மாதிரியானவற்றுக்குச் சூடான தகட்டை உறிஞ்சி வடிவெடுக்கும் வேக்யூம் ஃபார்மிங். பெரிய கூடான பொருளுக்கு ரோட்டோமோல்டிங்: தூளை அச்சில் போட்டு அடுப்புக்குள் இருபுறமும் சுழற்றுவது. அழுத்தம் இல்லாததால் தகட்டு அச்சே போதும். ஆனால் ஒரு உருப்படிக்கு அரை மணி வரை ஆகலாம்.

முறை மாறினால் வடிவமும் மாற வேண்டும். வேக்யூமில் ரிப்பும் ஸ்க்ரூ தூணும் வராது, ஆழமான மூலை மெலியும். ரோட்டோவில் கூர்முனையும் நுண்ணெழுத்தும் வராது. இன்ஜெக்‌ஷனுக்கு வரைந்த படத்தை அப்படியே கொடுத்துவிட்டு ‘சரியா வரல’ என்பது நியாயமில்லை.

ஏபிஎஸ்ஸுக்கு அடிச்ச அச்சுல பிபி ஓட்டலாமா? விலை குறையுமே.

ஓடும், அளவு வராது. ஏபிஎஸ் ஆறும்போது சுமார் அரை சதவீதம் சுருங்கும், பிபி சுமார் ஒன்றரை. 200 மி.மீ. பெட்டிக்கு அச்சை 201-ல் வெட்டியிருப்பார்கள். அதில் பிபி ஓட்டினால் 198 தான் வரும். உடலும் மூடியும் இரண்டுமே சுருங்கினாலும் ஒரே மாதிரி சுருங்காது. ஓட்டத்தின் திசையிலும் தடித்த இடத்திலும் வித்தியாசப்படும். லெகோ கட்டைகள் 1963 முதல் செல்லுலோஸ் அசிட்டேட்டிலிருந்து ஏபிஎஸ்ஸுக்கு மாறியதற்கு, அளவும் நிறமும் நிலையாக நிற்பது முக்கியக் காரணம். கவ்விப் பிடிக்கும் பொருளில் நூலிழை வித்தியாசமும் விளையாட்டைக் கெடுத்துவிடும்.

ரீசைக்கிள் சரக்கு கலந்தா தெரியவா போகுது?

உங்கள் இயந்திரத்திலேயே விழும் சுத்தமான ரன்னரை (பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிவந்த வழியில் இறுகிய மிச்சத் துண்டு) அரைத்து 15, 20 சதவீதம் சேர்ப்பதில் தவறில்லை. வெளிச்சரக்கு வேறு கதை. பிபியில் கொஞ்சம் எச்டிபிஇ கலந்திருந்தாலும் இரண்டும் ஒட்டாமல் தோல் தோலாக உரியும். பெட்டில் பிவிசி சிறிதளவு புகுந்தாலும் உருக்கும்போது கருகி அமிலம் விடும். வெளிச்சரக்கு போடுவதாக இருந்தால் முதலிலிருந்தே அதற்கேற்ப வரையுங்கள்: சுவர் கொஞ்சம் தடிமன், அடர்நிறம், மூலைகளில் கூடுதல் உருட்டு, ஸ்னாப்புக்குப் பதில் ஸ்க்ரூ. சென்னை கிண்டியில் 1968-லிருந்து இயங்கும், பிளாஸ்டிக் பயிற்சியும் சோதனையும் நடக்கும் சிபெட் போன்ற இடங்களில் மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

உங்கள் பொருள் நாளைக்கு இன்னொருவரின் குருணையாக வேண்டுமென்றால், ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் முடியுங்கள். உலோகத் துண்டை உள்ளே புதைக்காதீர்கள். கார்பன் கறுப்பை அகச்சிவப்பில் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் பார்ப்பதில்லை. வெயிலுக்குச் சொன்ன மருந்து இங்கே இடிக்கும். வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குக் கறுப்பு வேண்டாம்.

கண்ணாடி இழை போட்ட நைலான் உலோகத்துக்குச் சமம்னு சொல்றாங்க. அலுமினியத்தைத் தூக்கிட்டு இதைப் போடலாமா?

‘சமம்’ விற்பவர் சொல். 30 சதவீதம் இழை சேர்த்த நைலானின் விறைப்பு உலர்ந்த நிலையில் சுமார் 9 கிகாபாஸ்கல், அலுமினியம் 70. காற்றிலிருந்து ஈரம் குடித்தபின் நைலான் இன்னும் இறங்கும். தடிமன் பற்றிய கேள்வியில் சொன்னபடி ரிப்பும் வளைவும் கொடுத்து ஈடுகட்டினால் மாற்றலாம். அலுமினியப் படத்தை அப்படியே வைத்து மாற்றினால் தோற்கும்.

இழை இருந்தால் இன்னும் மூன்று விஷயம். இழைகள் ஓட்டத்தின் திசையில் படுப்பதால் அந்தத் திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் சுருங்கும். தட்டைப் பொருள் முறுக்கிக்கொள்ளும். துளையைச் சுற்றி வந்த ஓட்டங்கள் சந்திக்கும் வெல்டு லைனை இழைகள் கடப்பதில்லை. அங்கே வலு பாதி அளவுக்குக்கூட இறங்கும். கேட்டை நகர்த்தி அந்தக் கோட்டைப் பாரம் விழாத இடத்துக்குத் தள்ளுங்கள். மூன்றாவது, இழை அச்சைத் தேய்க்கும். சாதாரண பி20 எஃகில் கேட் சீக்கிரம் அகன்றுவிடும் என்பதால் கடினப்படுத்திய எஃகு கேட்க வேண்டும். அதன் விலையையும் சேர்த்த பிறகு அலுமினியத்தோடு ஒப்பிடுங்கள்.

அச்சுக்காரர்கிட்ட முதல் தடவை போறேன். படத்தோட வேற என்ன எழுதிக் குடுக்கணும்?

பொருளின் பெயர் மட்டும் போதாது, கிரேடு எண்; வருடத்துக்கு எத்தனை உருப்படி; எந்த முகம் கண்ணுக்குத் தெரியும், எதில் கேட் தழும்பும், பொருளை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின் விடும் வட்டமும் இருக்கக் கூடாது; அச்சு பிரியும் கோடு எங்கே வரலாம்; சொரசொரப்பு எந்த எண்; எந்த இரண்டு மூன்று அளவுகள் உண்மையிலேயே முக்கியம். எல்லா அளவுக்கும் 0.05 மி.மீ. என்று எழுதினால் விலை ஏறும், எதுவும் கவனிக்கப்படாது. முதல் மாதிரியை அச்சிலிருந்து வந்த சூட்டோடு அளக்காதீர்கள். பிபி என்றால் ஒரு நாள் முழுக்க வைத்து, மறுநாள் அளந்து, அப்புறம் அச்சைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தத்தில் எஃகை வெட்டி எடுப்பது சுலபம், திரும்ப வைப்பது கஷ்டம்; சந்தேகமான இடங்களில் எஃகு கொஞ்சம் கூடுதலாக, அதாவது பிளாஸ்டிக் கொஞ்சம் குறைவாக, விட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.